முகம் தெரியாதவங்க திருத்தித் தர்ற இங்கிலீஷ்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை எடுத்துக்கிட்ட மூணு கடிதமும் ஒரே விஷயத்த பத்தினதுதான், அதனால மூணுக்கும் சேர்த்தே எழுதிடறேன்.

கேள்வி: அக்கா, ஆஃபீஸ்ல இங்கிலீஷ்ல மெயில் எழுதணும்னாலே எனக்கு கை ஓடாது. அதனால நாலு மாசமா ஆன்லைன்ல தினமும் ஒரு பத்தி எழுதிப் போடறேன், எங்கயோ இருக்கற யாராவது ஒருத்தர் பொறுமையா திருத்தி அனுப்பறாங்க. ஆரம்பத்துல சந்தோஷமா இருந்துச்சு, இப்போ சோர்வா இருக்கு, ஏன்னா நாலு மாசத்துக்கு முன்னாடி திருத்தின அதே தப்பத்தான் இன்னிக்கும் திருத்தறாங்க. போதாததுக்கு ஒரே வாக்கியத்த ரெண்டு பேர் ரெண்டு விதமா மாத்தறாங்க, யார நம்பறதுன்னே தெரியல. இத தொடரவா, இல்ல நிறுத்திடவா?

பதில்: நிறுத்தாதீங்கம்மா. நாலு மாசம் விடாம எழுதியிருக்கீங்க, அதுவும் தப்பு வரும்னு தெரிஞ்சே தெரியாத நாலு பேர் முன்னாடி வச்சிருக்கீங்க, அந்த தைரியம் எல்லாருக்கும் வராது.

ஆனா ஒண்ணு கேக்கறேன், திருத்தம் வந்ததும் என்ன பண்றீங்க? படிச்சுட்டு, அட ஆமால்லன்னு தோணி, ஒரு தேங்க்ஸ் போட்டுட்டு, மறுநாள் புது பத்திக்கு போயிடறீங்களா? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன். படிக்கறப்ப புரியறது வேற, எழுதறப்ப கைக்கு வர்றது வேற, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரத்த மத்தவங்க திருத்தம் கடக்க வைக்காது, நாம மறுபடி எழுதினாத்தான் கடக்கும். அதனால இப்படி செய்ங்க: திருத்தம் வந்ததும் நல்லா படிங்க, மூடி வச்சிடுங்க, மறுநாள் அத பாக்காம அதே பத்திய மொதல்லேருந்து எழுதுங்க, எழுதி முடிச்ச பிறகு ரெண்டையும் பக்கத்துல வச்சு பாருங்க. எந்த இடத்துல கை பழைய தப்புக்கே போச்சோ அதுதான் உங்க இடம், அத மட்டும் ஒரு நோட்டுல குறிச்சுக்கங்க. வாரத்துக்கு ஏழு பத்தி வேணாம், மூணு போதும், ஆனா மூணையும் ரெண்டு தடவ எழுதுங்க.

இன்னொண்ணு, எல்லா தப்பையும் ஒரே நேரத்துல தொரத்தாதீங்க. திருத்தறதால எழுத்து முன்னேறுமாங்கறதே ஆய்வாளர்களுக்குள்ள பெரிய சண்டையா இருந்த விஷயம். 1996ல ஜான் ட்ரஸ்காட்ங்கறவர், ரெண்டாவது மொழியில எழுதறவங்களுக்கு இலக்கணத் திருத்தம் பண்றதால பிரயோஜனம் இல்ல, அத விட்டுடணும்னே எழுதினார், 1999ல டேனா ஃபெர்ரிஸ் அதுக்கு மறுப்பு எழுதினாங்க, அதுக்கப்புறமும் வாதம் ரொம்ப வருஷம் ஓடுச்சு. 2007ல வந்த யங்ஹீ ஷீனோட ஆய்வுல ஆர்ட்டிகிள் தப்ப (எ, ஆன், த எங்க வரணும்ங்கறது) மட்டும் குறி வச்சு திருத்தினாங்க, திருத்தம் வாங்கினவங்க வாங்காதவங்கள விட நல்லா முன்னேறினாங்க, அதுலயும் திருத்தத்தோட ஏன்னு விளக்கமும் கிடைச்சவங்களுக்கு அது இன்னும் நல்லா தங்குச்சு. நமக்கு இதுலேருந்து எடுத்துக்க வேண்டியது, ஒரு மாசத்துக்கு ஒரு தப்பு. போஸ்ட் போடறப்பவே மேல எழுதிடுங்க, இந்த மாசம் நான் டென்ஸ் மட்டும் பாக்கறேன், அதுல தப்பு இருந்தா ஏன்னு ஒரு வரி சொல்லுங்கன்னு. திருத்தறவங்களுக்கும் அது சுலபம்.

நீங்க அனுப்பியிருந்த பத்தியிலேருந்தே ஒண்ணு எடுத்து காட்டறேன். "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்"னு எழுதியிருக்கீங்க, ஒருத்தர் அத "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்"னு மாத்தியிருக்கார். விளக்கம் எதுவும் தரல, அவருக்கு அது பேச்சோட பேச்சா வர்றது, ஏன்னு கேட்டா அவருக்கே சொல்ல வராம போகலாம். ஆனா உங்களுக்கு அது ஏன் வருதுன்னு எனக்கு தெரியும், ஏன்னா நாம தமிழ்ல "மூணு வருஷமா இங்க வேல செய்யறேன்"னுதான் சொல்றோம், "செய்யறேன்" நிகழ்காலம், அதனால கை நேரா "ஐ ஆம் வொர்க்கிங்"க்கு போயிடுது. இங்கிலீஷ்ல அப்போ தொடங்கி இப்பவும் நடக்குதுன்னா "ஹேவ் பீன்" கேக்கும். இந்த ஃபார், சின்ஸ் குழப்பத்துக்கு தமிழே வழி வச்சிருக்கு பாருங்க, எனக்கு இது தெரிஞ்ச அன்னிக்கு அவ்ளோ சந்தோஷம்: "மூணு வருஷமா", "ரெண்டு நாளா"ன்னு "ஆ"வுல முடிஞ்சா ஃபார், "2019லேருந்து", "திங்கக்கிழமையிலேருந்து"ன்னு "லேருந்து" வந்தா சின்ஸ். ஒரு வாரம் இத மட்டும் வச்சு பத்து வாக்கியம் எழுதிப் பாருங்க.

அதே மாதிரி "டிஸ்கஸ்ட் அபௌட் த ப்ராப்ளம்" வர்றது "பிரச்சனைய பத்தி பேசினோம்"லேருந்து. டிஸ்கஸ்னா பேசறது இல்ல, விவாதிக்கறது, பிரச்சனையை விவாதிச்சோம், அங்க "பத்தி" தேவப்படல, அதனால அபௌட்டும் வராது. "அட்வைசஸ்", "இன்ஃபர்மேஷன்ஸ்"னு எஸ் சேத்து எழுதறதும் தப்பு, அட்வைஸ், இன்ஃபர்மேஷன் எல்லாம் எண்ண முடியாத பெயர்ச்சொல்னு கத்துக்கறவங்களுக்கான அகராதியில பக்கத்துலயே போட்டிருப்பாங்க, சந்தேகம் வந்தா பாத்துக்கலாம், அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல.

ரெண்டு பேர் ரெண்டு விதமா திருத்தறத பத்தி கேட்டிருந்தீங்க. பல நேரம் ரெண்டு பேருமே சரிதான். பிரிட்டன்காரர் "அட் த வீக்கெண்ட்"ம்பார், அமெரிக்கர் "ஆன் த வீக்கெண்ட்"ம்பார், ஒருத்தருக்கு "ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்", இன்னொருத்தருக்கு "ஐ ஜஸ்ட் ஏட்". சில பேர் தப்பே இல்லாத வாக்கியத்தையும் அவங்க எழுதற மாதிரி மாத்தி வச்சிடுவாங்க, நல்ல எண்ணத்துலதான். அதனால ஒரே ஒரு கேள்வி பழகிக்கங்க, இது தப்பா, இல்ல நீங்க வேற மாதிரி சொல்வீங்க அவ்ளோதானா? இந்த கேள்விய மரியாதையா கேட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்க, நிறைய பேர் "இல்ல இல்ல, உங்களோடதும் சரிதான்"னு சொல்லிடுவாங்க. அப்பவும் தீரலன்னா இங்கிலீஷ்காரங்க நெஜமா எழுதின வாக்கியங்கள சேத்து வச்சிருக்கற தொகுப்புகள் இருக்கு, பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ்ல மட்டும் 10 கோடி சொல், அங்க அந்த தொடர தேடிப்பாருங்க. "ப்ரீபோன்" மாதிரி சொல்ல ஒருத்தர் அப்படி ஒரு வார்த்தையே இல்லன்னு அடிச்சா மனசு ஒடஞ்சுடாதீங்க, அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலயே இருக்கற இந்திய இங்கிலீஷ் சொல், வெளிநாட்டு ஆள் படிக்கற மெயில்ல வேணா தவிர்த்துக்கங்க.

திருத்தத்துல சிக்காத தப்பு ஒண்ணு இருக்கு, அத சொல்லாம விடக்கூடாது. "ஐ லெஃப்ட் மை ஃப்ரெண்ட் அட் த ஸ்டேஷன்"னு எழுதறோம், நம்ம மனசுல இருக்கறது வண்டியில கொண்டு போய் ஸ்டேஷன்ல விட்டுட்டு வந்தேன்ங்கறது, படிக்கறவருக்கு ஃப்ரெண்ட அங்கயே விட்டுட்டு கெளம்பி வந்துட்டேன்னு தோணும். இலக்கணம் சரியா இருக்கு, அதனால அவர் தொடாம விட்டுடுவார். "ட்ராப்ட்"னு எழுதியிருக்கணும். இதுக்காகத்தான் பத்திக்கு கீழ நான் என்ன சொல்ல நெனச்சேன்னு எளிய இங்கிலீஷ்ல ஒரு ரெண்டு வரி போடுங்க, யாருக்கு எழுதறீங்க, மேனேஜருக்கா தோழிக்கான்னும் சொல்லுங்க. ஆஃபீஸ் மெயில அப்படியே ஒட்டிடாதீங்க, பேர், கம்பெனி, நம்பர் எல்லாத்தையும் மாத்திட்டு போடுங்க.

கேள்வி: அக்கா, நான் காலேஜ் படிக்கறேன். ஏஐ கிட்ட குடுத்தா ஒரு நொடியில எல்லாத்தையும் திருத்தி தந்துடுதே, அப்புறம் எதுக்கு யாரோ ஒரு ஆள் எப்ப வருவார்னு காத்துட்டு இருக்கணும்?

பதில்: தம்பி, அத பயன்படுத்த வேணாம்னு நான் சொல்லல, ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஒரு இலக்கண விதி புரியலன்னா அது பெரிய உதவிதான். ஆனா பத்திய முழுசா குடுத்து "கரெக்ட் பண்ணு"ன்னா அது பல தடவ மொத்தத்தையும் வழவழன்னு மாத்தி எழுதி தந்துடும், அதுல உன் தப்பு எது, உன் சொல் எதுன்னு பிரிச்சு பாக்கவே முடியாது, நீயும் அப்படியே காப்பி பண்ணி அனுப்பிடுவ. கேக்கறதா இருந்தா, தப்பு இருக்கற வரிய மட்டும் காட்டு, திருத்தாதன்னு சொல்லிட்டு, நீயே திருத்திப் பாரு.

ஆள் எதுக்குன்னா, எனக்கு நடந்தத சொல்றேன். பல வருஷத்துக்கு முன்னாடி அப்பா போன சமயம் அவர பத்தி ஒரு பத்தி எழுதிப் போட்டேன், மொத வரியே "மை ஃபாதர் எக்ஸ்பயர்ட் லாஸ்ட் மந்த்". மறுநாள் ஒரு அம்மா பதில் எழுதியிருந்தாங்க, யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியாது. மொதல்ல உங்க அப்பாவுக்காக வருந்தறேன்னு மூணு வரி, அதுவும் நான் எழுதியிருந்த அவரோட பழைய சைக்கிள பத்தி சொல்லி. அதுக்கப்புறம்தான் திருத்தம். எக்ஸ்பயர்ட்ங்கறத எங்க பக்கம் பாஸ்போர்ட்டுக்கும் மருந்துக்கும்தான் சொல்வோம், மனுஷங்களுக்கு "டைட்"னு சொல்லுங்க, மெதுவா சொல்லணும்னா "பாஸ்ட் அவே"ன்னு எழுதுங்கன்னு. கடைசி வரியில ஒரு ஆர்ட்டிகிள் தப்பு இருந்துச்சு, அத அவங்க தொடவே இல்ல, பின்னாடி நானே கண்டுபிடிச்சேன். அன்னிக்கு எத திருத்தணும், எத விடணும்னு அவங்களுக்கு தெரிஞ்சிருந்தது. அந்த ஒரு சொல்ல நான் அதுக்கப்புறம் ஒரு தடவகூட மாத்தி எழுதினதில்ல.

ஜப்பான்லேருந்து வந்த லாங்-8னு ஒரு தளம் இப்படித்தான் ஓடுச்சு, நீ கத்துக்கற மொழியில எழுது, அந்த மொழிக்காரங்க திருத்துவாங்க, பதிலுக்கு நீ உன் மொழிய கத்துக்கறவங்களுக்கு திருத்து. 2017ல புது ஆள் சேக்கறத நிறுத்திட்டாங்க, ஆனா அங்க ஜனங்க ஒருத்தருக்கொருத்தர் போட்ட திருத்தங்கள வச்சுதான் கம்ப்யூட்டர இலக்கணப் பிழை திருத்த பழக்கற ஆராய்ச்சியே நிறைய நடந்துச்சு. நீ சொல்ற அந்த ஒரு நொடி திருத்தத்துக்கு பின்னாடியும் இப்படி பொறுமையா உக்காந்து எழுதின மனுஷங்க இருக்காங்கப்பா. லாங்கரெக்ட், ரெடிட்ல இங்கிலீஷுக்கான ரைட்ஸ்ட்ரீக்-இஎன் மாதிரி இடங்கள் அதே வழியில இப்பவும் இருக்கு.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். இந்த வயசுல இங்கிலீஷ் எழுதிப் பழகறேன். எனக்காக நேரம் செலவழிக்கறவங்களுக்கு நான் என்ன திருப்பித் தர முடியும்? ஒருத்தர் மட்டும் கொஞ்சம் கடுமையா எழுதினார், அதுக்கு பதில் சொல்லணுமா?

பதில்: ஐயா, கடுமையா எழுதினவருக்கு பதில் வேணாம், அவர் திருத்தினது சரியா இருந்தா அத மட்டும் எடுத்துக்கிட்டு போயிடுங்க.

திருப்பித் தர்றதுக்கு உங்ககிட்ட நிறைய இருக்கு. மொதல்ல, திருத்தின வாக்கியத்த வச்சு புதுசா ஒரு வாக்கியம் எழுதி அவங்களுக்கே பதிலா போடுங்க, தன் திருத்தம் வீணாகலன்னு தெரியறத விட அவங்களுக்கு வேற நன்றி வேணாம். ரெண்டாவது, தமிழ் கத்துக்கற வெளிநாட்டுக்காரங்க இருக்காங்க, அவங்க பத்திய திருத்தித் தர ஆள் ரொம்ப கம்மி. நீங்க வாத்தியாரா இருந்தவர், எங்க நிறுத்தி எங்க சொல்லணும்னு உங்களுக்கு தெரியும். போன மாசம் ஒரு பொண்ணு என்கிட்ட கேட்டா, "வந்தான்", "வந்துட்டான்", "வந்திருக்கான்", மூணுக்கும் என்ன வித்தியாசம், எப்போ எத சொல்லணும்னு. வாழ்நாள் பூரா பேசின மொழி, யோசிக்காம வாய்ல வர்றது, ஒழுங்கா உதாரணத்தோட எழுதி அனுப்ப எனக்கு ரெண்டு நாள் ஆச்சுங்கய்யா.