முதல் விங்ஃபாயில் போர்டு எத்தனை லிட்டர்?

கேள்வி: என் எடை 78 கிலோ. விங்ஃபாயில் (கையில் பிடிக்கும் ‘விங்’ என்ற இறக்கையில் காற்றை வாங்கி, அடியில் ‘ஃபாயில்’ என்ற நீருக்கடி இறக்கை பொருத்திய போர்டில் நீருக்கு மேலே எழும்பிச் செல்லும் விளையாட்டு) கற்கப் போகிறேன். பழைய 85 லிட்டர் போர்டு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: இப்போது வேண்டாம். ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு கிலோவைத்தான் மிதக்க வைக்கும். போர்டு, ஃபாயில், விங், நனைந்த உடை எல்லாம் சேர்ந்தால் 10 கிலோவைத் தாண்டிவிடும். நீங்கள் ஏறியதுமே அது அமிழும். முட்டிபோட்டு விங்கைத் தூக்கும்போதே போர்டின் மூக்கு தண்ணீருக்குள் போய், மேல்தளத்தில் அலை ஏறும். எழுந்து நிற்கவே முடியாது.

எடையோடு 30 முதல் 40 வரை கூட்டுங்கள். உங்களுக்கு 110–115 லிட்டர். அகலத்தையும் பாருங்கள், 70 செ.மீ.க்குக் குறையக் கூடாது; பக்கவாட்டு ஆட்டத்தை அடக்குவது அதுதான். முன் ஃபாயில் (ஃபாயிலின் முன்பக்க இறக்கை) சிறியதாக இருந்தால் எவ்வளவு பெரிய போர்டும் சீக்கிரம் எழும்பாது, 1,800 சதுர செ.மீ. அளவில் தேடுங்கள்.

140 லிட்டர் போர்டையும் வாங்க வேண்டாம். நிற்க வசதிதான், ஆனால் பறக்கத் தொடங்கியதும் மந்தமாகத் திரும்பும். முதல் சில நாளுக்கு அந்தப் பெரிய போர்டை வாடகைக்கு எடுப்பதே நல்லது. தடுமாறாமல் திரும்பப் பழகிய பிறகு 85 லிட்டரைப் பற்றி யோசிக்கலாம்.