கியூப் ரிசல்ட்டை மாற்றி எழுதச் சொன்னால்?

கேள்வி: சிவில் முடித்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி சைட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் தாங்க வேண்டிய எம்25 கான்கிரீட் அது. வலிமையைச் சோதிக்க வார்த்த கியூப்களை (கனசதுரக் கட்டிகள்) 28-ஆம் நாள் நொறுக்கிப் பார்த்ததில் சராசரி 21 வந்தது. “27-ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு தம்பி, எல்லா சைட்லயும் நடக்கிறதுதான்” என்கிறார் சீனியர். மறுத்தால் வேலை போய்விடுமா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். வேலை பற்றிய பயம் நியாயமானது, அதற்கும் வருகிறேன். முதலில் அந்த 21-ஐப் பார்ப்போம்.

கியூப் தேறாவிட்டால் கான்கிரீட்டும் மோசம் என்று ஆகிவிடாது. 150 மி.மீ. மோல்டை மூன்று அடுக்காக நிரப்பி, கம்பியால் அடுக்குக்கு 35 குத்து குத்த வேண்டும். மறுநாள் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். அவசரத்தில் குத்து குறைந்திருக்கலாம், கியூப் வெயிலில் கிடந்திருக்கலாம். மூன்று கியூபின் வலிமை அளவையும் தனித்தனியாகப் பாருங்கள். சராசரியிலிருந்து ஏதாவது ஒன்று 15 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் அந்த சாம்பிளே செல்லாது. மெஷின் காட்டிய லோடையும் சரிபாருங்கள். எம்25 கியூப் 562.5 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். 21 என்றால் 472-லேயே நொறுங்கியிருக்கிறது.

கியூபில் குறை இல்லை என்றாலும், கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐஎஸ் 456 வழி வைத்திருக்கிறது. சந்தேகமுள்ள இடத்தில் குறைந்தது மூன்று கோர் (கட்டிய கான்கிரீட்டிலிருந்தே துளைத்தெடுக்கும் உருளைத் துண்டு) எடுக்கலாம். அவற்றின் சராசரி, தேவையான வலிமையில் 85 சதவீதமாவது வந்து, எந்தக் கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகாவிட்டால் கான்கிரீட்டை ஏற்கலாம். அதிலும் தேறாவிட்டால் பாரம் ஏற்றிப் பார்க்கும் லோடு டெஸ்ட், அப்புறம் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் சொல்லும் பலப்படுத்தும் வேலை. 27 என்று எழுதிவிட்டால் இதில் எதையும் யாரும் செய்யப் போவதில்லை. பலவீனமான தூண் எது என்றே தெரியாமல் மேலே தளம் ஏறிக்கொண்டிருக்கும். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அது கட்டிக்கொண்டிருந்த கட்டடம். உங்கள் சைட்டிலும் கீழ்த்தளத்தில் சாப்பிட்டு இளைப்பாறுகிற தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள்.

சீனியரிடம் “தப்பு பண்றீங்க” என்று ஆரம்பிக்க வேண்டாம். அவருக்கும் பில், கெடு என்று நெருக்கடி இருக்கும். “சார், 21 வந்திருக்கு. கியூப் மேலயே சந்தேகமா இருக்கு, கோர் எடுத்துப் பார்த்துடலாமா?” என்று கேளுங்கள். பாதிப் பேர் இதற்கே இறங்கி வருவார்கள். அன்றைக்கே ப்ராஜெக்ட் மேனேஜருக்கும் கன்சல்டன்ட்டுக்கும் மெயில் போடுங்கள்: காஸ்டிங் (கான்கிரீட் போட்ட) தேதி, எந்தத் தூண், ரெடிமிக்ஸ் (கலந்தே வரும் கான்கிரீட்) சலான் எண், மூன்று கியூபின் அளவுகள். குற்றச்சாட்டு ஒரு வரிகூட வேண்டாம், எண்கள் போதும்.

இனி வேலை. போகவே போகாது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நாளை விசாரணை வந்தால் ரெஜிஸ்டரில் இருப்பது உங்கள் கையெழுத்து. சீனியர் சொன்னது வெறும் வாய்வார்த்தை. அலட்சியத்தால் உயிர் போனால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. மெயில் போட்ட பிறகும் நெருக்கினால் வேறு சைட்டுக்கு மாற்றல் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் டெஸ்டிங் லேப், தரக் கட்டுப்பாட்டு கன்சல்டன்சிகளுக்கு விண்ணப்பியுங்கள். கியூபைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற ஆள் அங்கே தேவை. அடுத்த ஆஃபர் கைக்கு வந்தபின் நோட்டீஸ் கொடுங்கள், ரிலீவிங் லெட்டரை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.