மார்ட்டல் காம்பாட் 11: 'ஆஃப்டர்மாத்' கதை விரிவாக்கத்தைக் காசு கொடுத்து வாங்கலாமா?

மன்னார்குடித் தம்பி, மார்ட்டல் காம்பாட் 11 என்ற சண்டை வீடியோ கேமின் அடிப்படைப் பதிப்பை முடித்துவிட்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள். கதைக்காக மட்டும் என்றால் முழு விலை கொடுக்காதீர்கள். தள்ளுபடி வரும்போது தாராளமாக வாங்கலாம்.

2020 மே மாதம் வெளியானபோது இதன் விலை சுமார் 40 டாலர். கதையோ ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் தூங்கப்போவதற்குள் முடிந்துவிடும். ஆனாலும் அருமையான கதை! காலத்தை ஆளும் வில்லி குரோனிக்காவின் கிரீடத்துக்காக ஷாங் சுங் என்ற மந்திரவாதி காலத்தில் பின்னோக்கிப் போகிறான். அடுத்து யாரைக் கவிழ்ப்பான் என்ற பதைப்பு கடைசிவரை இருக்கும். 1995-இல் வந்த 'மார்ட்டல் காம்பாட்' படத்தில் ஷாங் சுங் வேடத்தில் நடித்த கேரி ஹிரோயுகி டகாவாவின் முகமும் குரலும்தான் இங்கேயும். முடிவு இரண்டு, எது வேண்டும் என்பது உங்கள் கையில்.

காற்றுக் கடவுள் ஃபூஜின், ஷீவா, ரோபோகாப் மூவரும் நாம் ஆடக்கூடிய புதிய பாத்திரங்களாகக் கூடவே வருகிறார்கள். பொங்கலுக்குக் கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் பசங்க கூடினால் ஃபூஜினுக்குத்தான் போட்டி. ஆடிக்காற்று மாதிரி அடிப்பான். ஃப்ரெண்ட்ஷிப் (எதிரியைக் கொல்லாமல் வேடிக்கையாக முடிப்பது), ஸ்டேஜ் ஃபேட்டாலிட்டி (சண்டைக் களத்தையே வைத்து எதிரியைக் கொன்று முடிப்பது) இரண்டும் எல்லாருக்கும் இலவச அப்டேட்டில் வந்தவை, அதற்காக வாங்க வேண்டாம்.

வாங்குமுன் 2020 நவம்பரில் வந்த 'அல்டிமேட்' பதிப்பின் விலையையும் பாருங்கள். அதில் இந்தக் கதையோடு கூடுதல் பாத்திரங்கள் கொண்ட இரண்டு காம்பாட் பேக்குகளும் அடக்கம்.