வயிற்றுக் குழந்தையின் இதயத்துக்கு 3டி ஸ்கேன் தேவையா?

கேள்வி: எனக்கு இப்போது 19 வாரம். மூத்தவனுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருந்து, இரண்டு வயதில் தானாக மூடிக்கொண்டது. அதனால் இந்த முறை ஃபீட்டல் எக்கோ, அதாவது வயிற்றுக் குழந்தையின் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுக்கச் சொல்கிறார் டாக்டர். எங்கள் ஊரில் 3டி வசதி இல்லை. அதற்காகச் சென்னைக்குப் போக வேண்டுமா?

பதில்: முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தைக்கு இதயக் குறை இருந்தால் அடுத்த குழந்தைக்கும் வர நூறில் இரண்டு, மூன்று வாய்ப்புதான். ஆனாலும் எக்கோவைத் தவிர்க்காதீர்கள். 20 முதல் 22 வாரம் நல்ல சமயம்.

அப்போது குழந்தையின் இதயம் ஒரு திராட்சைப் பழ அளவுதான் இருக்கும், நிமிடத்துக்கு 140 தடவை துடிக்கும். நான்கு அறைகள், இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றனவா என்பதையெல்லாம் சாதாரண 2டி ஸ்கேனிலேயே, கூடவே ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் வைத்துப் பார்த்துவிடலாம். பார்ப்பவருக்குக் கைப்பழக்கம் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

3டியில் என்ன நடக்கிறது என்றால், கருவி பத்து விநாடி போல இதயத்தை மெல்லத் துழாவி, கிடைத்த படங்களைத் துடிப்பின் வரிசைப்படி அடுக்கி ஒரே துடிப்பாகக் காட்டும். அதைச் சேமித்து, நீங்கள் வீட்டுக்குப் போன பிறகும் எந்தக் கோணத்திலும் திருப்பிப் பார்க்கலாம். வெளியூர் நிபுணருக்கும் அனுப்பலாம். ரத்தக்குழாய்கள் இடம் மாறிய சிக்கலான குறைகளில் இது கைகொடுக்கும். ஆனால் அந்தப் பத்து விநாடிக்குள் குழந்தை ஒரு உதை விட்டால் படம் கலைந்துவிடும். 2டியில் தெளிவில்லாத இதயம் 3டியிலும் தெளியாது. குழந்தையின் முதுகெலும்பு மறைத்தால், “கொஞ்சம் நடந்துவிட்டு வாங்கம்மா” என்பார்கள். அலுத்துக்கொள்ளாமல் நடங்கள், குழந்தை புரண்டதும் நன்றாகத் தெரியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனுக்கு இருந்தது போன்ற சின்ன ஓட்டை எந்த ஸ்கேனிலும் தப்பிவிடலாம். பெரும்பாலும் அதனால் ஆபத்து இல்லை. பிறந்த உடனே சிகிச்சை தேவைப்படும் பெரிய குறைகளை முன்கூட்டியே கண்டுபிடித்து, இதய சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யத்தான் இந்த எக்கோ.

ஆகவே 3டிக்காக அலைய வேண்டாம். ஃபீட்டல் எக்கோவை வழக்கமாகச் செய்பவர் பக்கத்து ஊரில் இருந்தாலும் போதும். போகும்போது மூத்தவனின் பழைய எக்கோ ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.