லிங்கன் படத்தைத் திருப்பி வைத்தவர்

கேள்வி: இத்தனை காலம் ஜனநாயகக் கட்சியால் பயனடைந்த அமெரிக்கக் கறுப்பின மக்களில் ஒரு பகுதியினர் 2024-இல் டிரம்புக்கு வாக்களித்தது நன்றி மறந்த செயல் அல்லவா? (ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: வாக்காளர் தமக்கு நன்றிக்கடன் பட்டவர் என்று கட்சிக்காரர் நினைப்பதில் வியப்பில்லை, வாசகரும் அப்படி நினைப்பதுதான் வருத்தம். இந்தக் கடன் கணக்கை 1932-லேயே தீர்த்து வைத்தவர் ஒரு பத்திரிகை ஆசிரியர் என்பதைத் தொழில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். அடிமைமுறையை ஒழித்த லிங்கனின் கட்சி என்பதற்காகவே வாக்குரிமை பெற்றிருந்த கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியரசுக் கட்சியை ஆதரித்து வந்த நிலையில், 'பிட்ஸ்பர்க் கூரியர்' ஆசிரியர் ராபர்ட் வான், லிங்கன் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள், அந்தக் கடன் முழுதும் அடைந்துவிட்டது என்று மேடையில் முழங்கினார். அந்த ஆண்டு பெரும்பாலோர் குடியரசுக் கட்சியின் ஹூவருக்கே வாக்களித்தனர். 1936-இல்தான் பெருவாரியாக ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் பக்கம் வந்தனர். ஆசிரியர் சொல்வது வாசகருக்கு உறைக்க நான்கு ஆண்டுகள் பிடிக்கும் என்பது எங்கள் அலுவலக அனுபவமும்தான். அவர்களை மாற்றியது வானின் பேச்சன்று, பொருளாதாரப் பெருமந்த காலத்தில் கிடைத்த அரசு நிவாரணமும் வேலையுமே என்று வரலாற்றாசிரியர்கள் விளக்கும்போது மட்டும் நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

1960-இல்கூட கறுப்பின வாக்காளரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் குடியரசுக் கட்சியின் நிக்சனுக்கு வாக்களித்தார். இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த கோல்ட்வாட்டரை 1964-இல் குடியரசுக் கட்சி வேட்பாளராக்கிய பிறகே அந்த ஆதரவு வற்றியது. அதே ஆண்டு அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில், மிசிசிப்பி மாநிலத்தின் வெள்ளையர் மட்டுமே கொண்ட பிரதிநிதிக் குழுவுக்குப் பதிலாகத் தங்களை அங்கீகரிக்கக் கோரிய கறுப்பினப் போராளி ஃபேனி லூ ஹேமர் தரப்பினருக்குக் கட்சி இரண்டே இடங்களை நீட்டியது, அவர்கள் மறுத்துவிட்டனர். 2020-இல் கட்சியின் வேட்பாளர் தேர்வில் முதல் மூன்று மாநிலங்களிலும் தோற்றுத் தடுமாறிய பைடனைக் கரையேற்றியவர்கள், கறுப்பின எம்.பி. கிளைபர்னின் சொல்லை ஏற்ற தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்கள். கடன்பட்டவர் யார் என்று தாங்களே பாருங்கள்.

கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா ஊரான துளசேந்திரபுரம் மன்னார்குடிக்குப் பக்கம் என்பதால் தங்கள் கோபம் புரிகிறது. ஆனால், வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்புகளின்படி 2024-இல் கறுப்பின ஆண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே டிரம்பை ஆதரித்தார். பெண்களில் பத்துக்கு ஒன்பது பேர் கமலாவுடன் நின்றனர். வெள்ளையரில் பாதிக்கு மேற்பட்டோர் டிரம்புக்கு வாக்களித்ததை நன்றிகெட்ட செயல் என்று யாரும் எனக்கு எழுதவில்லை.