கல்யாணத்துக்கு வருபவர்களை ஊர் சுற்றிக் காட்ட கடன் வாங்கலாமா?

கேள்வி: என் மகளின் கல்யாணம் வரும் மாசி மாதம். சென்னையில் மண்டபம் எடுக்காமல் காரைக்குடி பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டில் நடத்த வேண்டும் என்பது அவள் ஆசை. எங்களுக்கு அந்த ஊரில் சொந்தம் யாரும் இல்லை. வெளியூரிலிருந்து வந்து தங்குபவர்கள் இரண்டு பக்கமும் சேர்த்து 80 பேர்; அதில் மாப்பிள்ளையின் நண்பர்கள் 12 பேர் சிங்கப்பூரிலிருந்து. கல்யாணத்துக்கு என்று 22 லட்சம் வைத்திருக்கிறேன். அதில் 7 லட்சம் ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டில் இருக்கிறது. விருந்தினர் பயணம், ஊர் சுற்றல் இரண்டுக்கும் மட்டும் பிளானர் 6.8 லட்சத்துக்குத் தனியாக கொட்டேஷன் தந்திருக்கிறார். ஏறக்குறைய 6 லட்சம் துண்டு விழுகிறது. இன்னும் 14 மாதத்தில் ஓய்வு பெறுகிறேன். பர்சனல் லோன் எடுக்கலாமா, ஓய்வுக்கால எஃப்.டி.யை உடைக்கலாமா? மொய் வந்தால் அடைத்துவிடலாம் என்கிறார் மனைவி.

— அம்பத்தூர் வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். கடனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தக் கொட்டேஷனைப் பிரித்துப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய தாளில் இருப்பது இது: சென்னையிலிருந்து இரண்டு ஏ.சி. பஸ், மூன்று நாளைக்கு 2.1 லட்சம். கூடுதலாக ஒரு ராத்திரி 32 அறைகள், வரியோடு 1.68 லட்சம். அந்த நாளின் சாப்பாடு 96,000. ராமேஸ்வரம் போய்வர வண்டிகள் 90,000. வரவேற்புப் பை 64,000. கைடு, ஒருங்கிணைப்பு 52,000.

ஊர் சுற்றிக் காட்டும் செலவு என்றால் நாம் வேன் வாடகையையும் நுழைவுச் சீட்டையும்தான் நினைப்போம். இந்தத் தாளில் பெரிய தொகை அதுவல்ல, கூடுதல் ராத்திரி. ராமேஸ்வரம் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். போய்வர ஒரு முழு நாள் போய்விடும். அந்த ஒரு நாளுக்காக 80 பேருக்கும் இன்னொரு ராத்திரி அறை, மூன்று வேளைச் சாப்பாடு, வண்டி என்று 3.54 லட்சம் ஆகிறது. ராமேஸ்வரம் என்ற ஒரு வரியை அடித்தாலே துண்டு விழும் தொகையில் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். அங்கே போக ஆசைப்படும் பெரியவர்கள் கல்யாணம் முடிந்ததும் தங்கள் செலவில் போய்வரட்டும், காரைக்குடியிலிருந்து ரயிலே இருக்கிறது. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அப்படியானால் வந்தவர்களுக்கு எதுவுமே காட்ட வேண்டாமா? காட்டலாம், கூடுதல் ராத்திரி இல்லாமல். முகூர்த்தம் காலையில். மதியச் சாப்பாடு முடிந்து இலை எடுத்தால், சென்னை திரும்பும் ரயில் ராத்திரிதான். நடுவில் இருக்கும் அந்த ஐந்தாறு மணி நேரம் வெறுமனே கிடக்கிறது. ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் சாயக் கலவையை ஊற்றி டைல்ஸ் செய்வதைப் பார்க்கலாம். கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்கலாம். அங்கிருந்து பிள்ளையார்பட்டி. கோயில் நடை மதியம் சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் அதைக் கடைசியில் வைப்பதுதான் சரி. எல்லாமே காரைக்குடியிலிருந்து அரை மணி, முக்கால் மணி நேரத் தொலைவுதான். முந்தின நாள் மாலை நிச்சயதார்த்தத்துக்கு முன் பெண்கள் கண்டாங்கிச் சேலை பார்க்கப் போவார்கள், அதை நாம் ஏற்பாடே செய்ய வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் கவனம். ஹோட்டலில் பெரும்பாலும் மதியம் 12 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். பெட்டி வைக்கவும் உடை மாற்றவும் நாலு அறைகளை மட்டும் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அறைக்கு 5,000, வரியோடு 5,250 என்றால் மொத்தம் 21,000. 32 அறைகளுக்கு 1.68 லட்சம் தருவதற்கு இது எவ்வளவோ மேல்.

இப்போது பஸ். சென்னையிலிருந்து வந்த பஸ் காரைக்குடியில் சும்மா நிற்கும் நாளுக்கும் வாடகை உண்டு, டிரைவர் பேட்டா உண்டு, குறைந்தபட்ச கிலோமீட்டர் கணக்கும் உண்டு. கிலோமீட்டரை உங்கள் வீட்டு வாசலிலிருந்து இல்லை, ஷெட்டில் கிளம்பி ஷெட்டுக்குத் திரும்பும் வரை கணக்கிடுவார்கள். சென்னையிலிருந்து காரைக்குடிக்குப் பகல் ரயில் பல்லவன் தினமும் உண்டு, ராமேஸ்வரம் போகும் இரவு ரயில்களும் அங்கே நிற்கின்றன. முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கும். ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் 6 பேர். ஆதார் இணைத்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் மாதத்துக்கு 24 டிக்கெட் வரை எடுக்கலாம், இணைக்காவிட்டால் 12. ஆகவே 80 பேருக்கும் நீங்களே உட்கார்ந்து டிக்கெட் போட வேண்டாம். முன்பதிவு திறக்கும் தேதியை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள், அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். அத்தை, பெரியப்பா என்று நீங்கள்தான் அழைத்து வர வேண்டியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு மட்டும் நீங்கள் எடுங்கள்.

சிங்கப்பூர் நண்பர்கள் சென்னையில் இறங்கவே வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது, அங்கிருந்து காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர். திரும்பும்போது அவர்கள் வேன் திருமயம் வழியாகத்தான் போகும், கோட்டையைப் பார்த்துவிட்டு ஏர்போர்ட் போகலாம். அதற்குத் தனி வண்டி, தனி நாள், தனிச் செலவு எதுவும் இல்லை. விமான டிக்கெட், விசா, பயணக் காப்பீடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. திருச்சியிலிருந்து அழைத்து வருவது மட்டும் உங்களுடையது.

இந்த 'யார் எதைத் தருவது' என்பதைத்தான் நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு வண்டி அனுப்புவது பெண் வீட்டுக் கடமை என்று சில இடங்களில் இருக்கும், சில இடங்களில் அவர்களே வந்துவிடுவார்கள். பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் சம்பந்தியோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். என் யோசனை: காரைக்குடி வரை வந்து போவது அவரவர் செலவு; வந்த பிறகு தங்கும் அறை, சாப்பாடு, உள்ளூர் வண்டி எல்லாம் கல்யாண வீட்டுச் செலவு, அதை இரண்டு வீடும் தலைக்கு இவ்வளவு என்று பகிர்ந்துகொள்ளலாம். சம்பந்தி பகிர்ந்துகொள்ள மறுத்தாலும் கீழே சொல்லும் கணக்கு தாங்கும்.

உள்ளூரில் நாலு வேன், இரண்டு நாளைக்கு 60,000. நிறுத்தி வைக்கும் நாலு அறை 21,000. பெரியவர்களின் ரயில் டிக்கெட்டுக்கு 25,000 ஒதுக்குங்கள். வரவேற்புப் பைக்குத் தலைக்கு 800 ரூபாய் எதற்கு? பெயர் அச்சடித்த தண்ணீர் பாட்டிலை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. 150 ரூபாய்க்குச் சீப்பு சீடை, மணகோலம் என்று செட்டிநாட்டுப் பலகாரம் வாங்கிக் கொடுத்தால் ரயிலிலேயே காலியாகிவிடும், மொத்தம் 12,000. எல்லாம் சேர்த்து 1.18 லட்சம். கடைசி நேரச் செலவுக்கும் இடம் விட்டு 1.5 லட்சம் வைத்துக்கொள்ளுங்கள். 6.8 லட்சத்தில் 5.3 லட்சம் குறைகிறது. துண்டு விழும் 6 லட்சத்தில் மீதி 70,000 சொச்சத்துக்கு அறைகளிலேயே வழி இருக்கிறது.

ஹோட்டல் அறையின் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. அதாவது 7,500 ரூபாய் அறைக்கு 7,875 கட்டுவீர்கள். 7,600 ரூபாய் அறைக்கு 8,968. நூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. சிங்கப்பூர் நண்பர்களுக்கு எடுக்கும் நல்ல அறைகளில் இதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள். 32 அறைகளையும் ஒரே இடத்தில் எடுக்க வேண்டியதில்லை. வயதானவர்கள் கல்யாண வீட்டுக்குப் பக்கத்தில், இளசுகள் டவுன் லாட்ஜில். வேண்டாத அறைகளை எந்தத் தேதிக்குள் திருப்பித் தந்தால் முன்பணம் கழியாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். 'கண்டிப்பா வர்றோம்' என்று சொன்னவர்களில் சிலர் வர மாட்டார்கள், இது எல்லாக் கல்யாணத்திலும் நடப்பதுதான்.

லோன் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 6 லட்சத்தை 13 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 20,200. வட்டி மட்டும் 1.28 லட்சம் போகும். சம்பளம் நின்ற பிறகும் ஏறக்குறைய இரண்டு வருடம் கட்ட வேண்டியிருக்கும். ஓய்வுக்கால எஃப்.டி.யைத் தொடவே வேண்டாம், அதைத் திரும்பச் சேர்க்க உங்களிடம் வருடங்கள் இல்லை.

மொய்யைப் பற்றி உங்கள் மனைவி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அது எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. அதில் பாதி நீங்கள் முன்பு செய்தது திரும்பி வருவது, மீதி நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டியது. தவிர, கல்யாணத்துக்காக வரும் அன்பளிப்புக்கு உள்ள வருமான வரி விலக்கு மணமக்களுக்குத்தான். உறவினர் அல்லாதவர்கள் தந்த பணத்தை உங்கள் கணக்கில் போட்டு, அது வருடத்துக்கு 50,000-ஐத் தாண்டினால் வரிக் கேள்வி வரும். மகள், மாப்பிள்ளை கணக்கிலேயே போடுங்கள்.

ஃபண்டில் இருக்கும் 7 லட்சத்தை இப்போதே எடுங்கள். மாசியில் வேண்டிய பணத்தை மார்க்கெட்டில் விட்டுவைப்பது சூதாட்டம். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த யூனிட் என்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். எடுத்ததை இரண்டு மூன்று சிறு எஃப்.டி.யாகப் பிரித்து, அறை முன்பணம், சமையல் முன்பணம், கடைசித் தீர்வு என்று பணம் கேட்கும் மாதங்களில் முதிரும்படி போட்டுவையுங்கள்.

பிளானர் 'கேஷா கொடுங்க, ஜி.எஸ்.டி. வேண்டாம்' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. நாலு தவணையாகப் பிரித்துக் கொடுத்தாலும் ஒரே நிகழ்ச்சிதான். அபராதம் வாங்கியவருக்கு, ஆனால் பில் இல்லாமல் கடைசி நேரத்தில் வேன் வராவிட்டால் முன்பணத்தைத் திரும்பக் கேட்க உங்கள் கையில் ஒரு தாளும் இருக்காது.