சயிக்கிளுக்குக் கறள் ஏற்றலாம், அசிட் வேண்டாம்

கேள்வி: அப்பாவின் பழைய றலி பிறேமை எடுத்து, புது றிம், புது குரோம் ஹாண்டில் போட்டு ஒரு சயிக்கிள் கட்டியிருக்கிறேன். முப்பது வருடம் கொட்டிலில் கிடந்ததுபோலக் கறள் பிடித்த தோற்றம் வேண்டும். தை மாதம் தங்கையின் கலியாணம், படம் எடுக்க ஆசை. ஒருவர் வந்து, பற்றரி அசிட் ஊற்றி இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டு வார்னிஷ் அடித்தால் முடிந்தது என்கிறார். கூலி இருபத்தையாயிரம். பிறேம் பலமிழக்குமா? உடுப்பில் கறை படுமா? (கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முதலில் அந்த மனிதரை அனுப்பிவிடுங்கள் தம்பி. மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

மேலோட்டமாகப் பிடிக்கும் கறளால் பிறேம் பலமிழக்காது. உங்களுடையது போன்ற பழைய பிறேமின் குழாய் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பு. நாங்கள் ஏற்றப் போகும் கறள் அதில் மயிரிழை அளவுகூடத் தின்னாது. அசிட் வேறு கதை. றலி பிறேமின் குழாய்கள் மூட்டுச் சட்டைகளுக்குள் செருகிப் பித்தளையால் ஒட்டப்பட்டவை. அந்த இடுக்குக்குள் அசிட் இறங்கினால் எவ்வளவு கழுவினாலும் முழுதாக வெளியே வராது. மேலே வார்னிஷ் பளபளக்கும், உள்ளே மூட்டு அரித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் முன் சில்லைப் பிடிக்கும் போக் முறிந்து விழும்போதுதான் தெரியும்.

இதைச் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. போன மாதம் ஒரு கடையில் சோடாப் போத்தலில், லேபிள்கூட இல்லாமல், அசிட்டை என் கையில் தந்தார்கள். ஒரு கேள்வி இல்லை. புண்ணுக்குப் போடும் ஐதரசன் பெரொக்சைட் அரை லீற்றர் வாங்க மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கினேன். “எதுக்கு அண்ணை இவ்வளவு?” என்று விசாரணை வேறு. கிடைத்த போத்தலில் தமிழில் ஒரு வரி எச்சரிக்கை இல்லை. எதைப் பூட்டி வைப்பது, எதைத் திறந்து விடுவது என்று இந்த நாட்டில் யாருக்கும் தெரியவில்லை.

வேண்டியது அந்த பெரொக்சைட்தான், 3 வீதம். அதில் அரை லீற்றருக்கு நாலு மேசைக்கரண்டி வினாகிரி, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. கலந்தவுடன் பாவியுங்கள். மிஞ்சியதை மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், வெளி முற்றத்தில் செய்யுங்கள். கிணற்றுக்குப் போடும் குளோரீன் வீட்டில் இருக்கும், அது வினாகிரிக்குக் கிட்டவும் வரக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சுவாயு.

அதற்கு முன் பிறேமைத் தட்டிப் பாருங்கள். பெடல் அச்சு ஓடும் குழலின் அடிப்பக்கம், சீற் கம்பி இறங்கும் இடம், இந்த இரண்டையும் திருப்புளி முனையால் குத்துங்கள். பள்ளம் விழுந்தால் இந்த வேலையே வேண்டாம், சுவரில் மாட்டி வையுங்கள். உறுதியாக இருந்தால் அச்சுகள், கோப்பைகள், குண்டுகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். புரிகளுக்கும் குண்டு ஓடும் இடங்களுக்கும் கிறீஸ் பூசி ரேப்பால் மூடுங்கள். றிம், கம்பி, பிறேக் பக்கம் போகவே வேண்டாம். அலுமினியம் கறள் கட்டாது, காந்தம் ஒட்டாததை விட்டுவிடுங்கள்.

பெயின்ற் முழுவதையும் உரிக்காதீர்கள். எங்கும் ஒரே செம்மண் நிறமாகப் பூசியதைப் பார்த்தவுடன் பொய் என்று தெரிந்துவிடும். உண்மையான கறள் தண்ணீர் தேங்கும் இடத்தில் தொடங்கும்: மூட்டுச் சட்டைகளின் விளிம்பு, மட்கார்ட் போல்ட்டைச் சுற்றி, பெடல் குழலின் கீழே. கால் உரசும் பாரின் மேற்பக்கம் கறுத்து மினுங்கும், அங்கே கறள் குறைவு. அப்படிப் பார்த்துப் பார்த்துச் சுரண்டி, 120 சான்ட் பேப்பரால் ஓரத்தை மங்கலாக்கி, தின்னர் துணியால் எண்ணெய்ப் பசையைத் துடையுங்கள். விரல் அடையாளம் பட்ட இடத்தில் கறள் ஒழுங்காக ஏறாது.

பிறகு அந்தக் கலவையை விசிறுங்கள். சில நிமிடத்தில் சீறி நுரைத்து, வெறும் இரும்பின் மேல் தோடம்பழ நிறம் இழையிழையாக ஓடும். ஒழுகட்டும், துடைக்காதீர்கள். காய்ந்தபின் மறுபடி, அப்புறம் மறுபடி. மூன்று நான்கு தடவையில் கபிலமாகும். இன்னும் பழசாகத் தெரிய வேண்டிய இடத்துக்குக் கடும் தேயிலைச் சாயத்தைக் கடைசியில் பஞ்சால் ஒற்றலாம். தேயிலையின் துவர்ப்பு கறளோடு சேர்ந்தால் கருநீலமாகும்.

இனி ஹாண்டில். குரோமுக்கு இந்தக் கலவை வேலை செய்யாது, ஏனென்றால் குரோமும் கறள் கட்டாது, அதற்கு அடியில் இருக்கும் நிக்கலும் கட்டாது. ஏறவில்லையே என்று சான்ட் பேப்பர் போட்டால் குரோம் செதில் செதிலாக எழும்பி உள்ளங்கையைக் கிழிக்கும். அதுவும் சரிவராவிட்டால், அந்த மனிதர் போன்றவர்கள் அசிட்டிலோ, பற்றரிக் கரண்ட் கொடுத்தோ குரோமைக் கழற்றித் தருவதாகச் சொல்வார்கள். கரண்டில் கழன்ற குரோம் தண்ணீரில் கரைந்தால் கடும் நஞ்சு. அதை எங்கே ஊற்றுவார்கள்? வளவில்தான். எங்கள் யாழ்ப்பாண நிலம் சுண்ணாம்புக்கல், ஊற்றியது உங்கள் கிணற்றுக்கே வரும், அயலவர் கிணற்றுக்கும் போகும். ஆகவே குரோமைத் தொடாதீர்கள். ஸ்ரான்லி வீதிப் பக்கம் பழைய ஹாண்டில் ஒன்று தேடுங்கள், புள்ளி புள்ளியாகக் கறள் வந்தது கிடைக்கும், எண்ணெய்த் துணியால் துடைத்துப் பூட்டினால் போதும். புதியதுதான் வேண்டும் என்றால், மேலே பிறைமர் அடித்து மங்கல் கபிலமும் செம்மஞ்சளும் பஞ்சால் ஒற்றுங்கள், பிடி வரும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு.

கறள் ஏறியதும் அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீரால் அலசுங்கள். கிணற்றுத் தண்ணீரில் உவர் இருந்தால் வேலை கெட்டது: உப்பு மிஞ்சினால் வார்னிஷுக்கு அடியில் கொப்புளம் கட்டும். நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவிட்டு, மங்கலான வார்னிஷ் மெல்லிசாக மூன்று பூச்சு. ஹாட்னர் கலக்கும் வார்னிஷ் வேண்டாம், அதன் புகைக்குத் துணி மாஸ்க் உதவாது. குழாய்க்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுழற்றுங்கள். எல்லாம் ஐப்பசி மழை தொடங்கமுன் முடிய வேண்டும்.

இன்னொன்று. படம் வெளிநாடு போனதும், நல்ல விலைக்கு விற்றுத் தருவதாகத் தரகர் வருவார். அதே ஆட்கள்தான் புதுப் பிறேமுக்குக் கறள் ஏற்றி, ஹம்பர் என்ற பழைய இங்கிலாந்துச் சயிக்கிளின் பெயர்ப் பட்டயம் அடித்து, அந்தக் காலத்துச் சாமான் என்று விற்கிறார்கள். வாங்குவதானால் பின் சில்லைப் பாருங்கள். ஸ்ரேமி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் என்றால் அநேகமாக ஆண்டும் மாதமும் இலக்கமாக அடித்திருக்கும். பழைய ஹம்பர் பலவற்றுக்கு முன் போக் ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாய். ஒற்றைக் குழாய் போக்கில் ஹம்பர் பட்டயம் கண்டால் நன்றாக விசாரிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கறைக்கு: வார்னிஷ் பூசி ஒரு கிழமை கழித்து, ஈரமான வெள்ளைத் துணியால் பாரைக் கொஞ்சம் அழுத்தித் தேயுங்கள். செம்மை பட்டால் இன்னொரு பூச்சு. துணி வெள்ளையாகவே வந்தால் வேட்டியோடு ஏறலாம்.